பொம்மைப் படையும் மாக்கோழியும்
(போர் விளையாட்டு குறித்து ஒரு சமண நோக்கு)

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு உறுப்பு என்பது பொருள். யானை, தேர், குதிரை, காலாள் ஆகிய நான்கும் கூடியது சதுரங்க சேனை, தமிழில் நாற்படை. ஒரு யானை, ஒரு தேர், மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தால் ஒரு பத்தி. இதை அடி அலகாக வைத்துப் பெருக்கிக்கொண்டே போனால் 21,870 யானை, 21,870 தேர், 65,610 குதிரை, 1,09,350 காலாள் கொண்ட ஓர் அக்குரோணி கிடைக்கும். பாரதக் கதை கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படையை வெறும் கூட்டமாகப் பார்க்காமல், அலகாகவும் விகிதமாகவும் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. ஒரு படையைச் சிறிதாக்கிப் பலகைமேல் வைத்து ஆட வேண்டுமானால் முதலில் இப்படிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சதுரங்க ஆட்டம் பாரத நாட்டில் தோன்றியது என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இன்று மேலை நாடுகளில் இந்த ஆட்டத்தின் தூரத்துப் பேரப்பிள்ளை ஒன்று நன்றாக வளர்ந்து நிற்கிறது. விரல்நுனி உயரமுள்ள உலோகப் பொம்மை வீரர்களையும் யானைகளையும் வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து, அளவுகோலும் தாயக்கட்டையும் கொண்டு பழங்காலப் போர்களை ஆடுகிறார்கள். போட்டிகள் நடத்துகிறார்கள். அந்த மேசையில் ரோமர், பாரசீகர், மங்கோலியரோடு தமிழர் படையும் நிற்கிறது. இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, எப்படி ஆடப்படுகிறது, அதில் நம்மவர் படை எப்படி இருக்கிறது, இதை ஆடலாமா கூடாதா என்ற நான்கையும் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சதுரங்கம் போன வழி

பாரத நாட்டிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும் சதுரங்கம் சென்றது. போகிற வழியில் காய்களின் பெயர்கள் மாறின. யானை ஐரோப்பாவில் கிறிஸ்தவக் குருவாகிவிட்டது. ஆனாலும் ரஷ்யர்கள் அந்தக் காயை இன்றும் யானை என்றே சொல்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் ஆல்ஃபில். அது யானையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சரக்கு கை மாறினாலும் மூட்டையில் போட்ட பழைய முத்திரை அழியாமல் இருப்பதைப் போல.

1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்துப் பெரிதாக்கினார். பலகையின் கட்டங்களை மலை, ஆறு, சதுப்பு என்று நிறத்தால் பிரித்தார். காய்களைக் குதிரைப்படை, பீரங்கிப்படை என்று வகுத்தார். இதிலிருந்துதான் போர் விளையாட்டு கிளை பிரிந்தது. 1812-ல் ரைஸ்விட்ஸ் என்பவர் மேசைமேல் நிலத்தையே அமைத்து ஆடும் முறை ஒன்றைப் பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். அவர் மகன் 1824-ல் அதை வரைபடம், பகடை, நடுவர் எல்லாம் கொண்ட முறையாகச் சீர்செய்தார். பிரஷ்யத் தளபதி முஃப்லிங் அதைப் பார்த்துத் தம் படைக்குப் பரிந்துரைத்தார். விளையாட்டு அங்கே பயிற்சியாக மாறியது. 1870-71-ல் பிரான்சைப் பிரஷ்யா வென்றபின் மற்ற நாட்டுப் படைகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

மறுபடியும் அதை விளையாட்டாக்கியவர்களில் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். 1913-ல் அவர் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூல், வீட்டுத் தரையில் பொம்மை வீரர்களை நிறுத்தி, விசை வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு விளையாடும் முறையைச் சொல்கிறது. நூலின் முடிவில், இந்தச் சின்னப் போர் உண்மைப் போரைவிட எவ்வளவோ மேல், பெரிய போர் வேண்டுபவர்களுக்கு இதைக் கொடுத்துவிடலாம் என்ற கருத்தில் எழுதுகிறார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

பழங்காலப் படைகளை மட்டும் வைத்து ஆடுவதற்குத் தனிச் சங்கம் 1965-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. டோனி பாத் என்பவர் நிறுவிய 'சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' அது. 1969-ல் 'வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப்' என்ற குழு பழங்காலப் போருக்கான விதிப்புத்தகத்தை வெளியிட்டது. அந்தக் குழுவின் ஃபில் பார்க்கர் மற்றவர்களோடு சேர்ந்து 1990-ல் கொண்டுவந்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிட்டாட்டிஸ்' என்ற சிறு விதி, உலகெங்கும் பரவியது. சுருக்கமாக டி.பி.ஏ. என்பார்கள். அதன் பெரிய தம்பியான டி.பி.எம். 1993-ல் வந்தது. பிறகு வேறு பல விதிகளும் வந்தன.

மேசையில் நடப்பது என்ன?

எளிய டி.பி.ஏ. ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரிடமும் 12 தட்டுகள் இருக்கும். தட்டு என்றால் சிறு அட்டைத்துண்டு. அதன்மேல் இரண்டு, மூன்று அல்லது நான்கு பொம்மை வீரர்கள் ஒட்டப்பட்டிருப்பார்கள். யானை என்றால் தட்டுக்கு ஒன்று. 15 மில்லிமீட்டர் அளவுப் பொம்மைகளுக்கு இரண்டடிச் சதுரப் பலகை போதும்.

முதலில் யார் படையெடுப்பவர், யார் காப்பவர் என்று முடிவு செய்கிறார்கள். ஒவ்வொரு படைக்கும் அதன் குணத்துக்கேற்ற எண் உண்டு. அதோடு பகடை எண்ணைக் கூட்டுவார்கள். காப்பவர் தம் நாட்டு நிலத்தைப் பலகையில் அமைப்பார். காடு, குன்று, ஆறு, கடற்கரை என்று எது அந்த நாட்டுக்கு உரியதோ அது வரும். திணை தெரிந்த தமிழனுக்கு இது உடனே விளங்கிவிடும்.

பிறகு ஒவ்வொரு முறையும் ஆடுபவர் ஒரு பகடை போடுவார். ஆறு விழுந்தால் ஆறு நகர்வு, ஒன்று விழுந்தால் ஒன்றே ஒன்று. தளபதியின் கட்டளை எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது என்ற உண்மையைத்தான் இந்தப் பகடை காட்டுகிறது. ஒட்டி வரிசையாக நிற்கும் தட்டுகளை ஒரே நகர்வில் நகர்த்தலாம். சிதறிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்வு செலவாகும். ஆகவே வரிசை குலையாமல் வைத்திருப்பவர் பிழைப்பார். பத்துக் கடைக்குப் பத்து ஆளை அனுப்புகிறவனைவிட, ஒரே லோடில் சரக்கை இறக்குகிறவன் கெட்டிக்காரன் என்பது நம்ம வியாபாரத்திலும் உள்ளதுதானே!

இரண்டு தட்டுகள் மோதினால் இருவரும் பகடை போட்டு, அந்தந்தப் படைக்குரிய எண்ணைக் கூட்டுவார்கள். குறைந்த எண் பெற்றவர் பொதுவாகப் பின்வாங்குவார். எதிரியின் எண்ணில் பாதியோ அதற்கும் குறைவோ ஆனால் பெரும்பாலும் அந்தத் தட்டு எடுக்கப்படும். எதிரியைவிடக் குறைவாக இழந்து, எதிரியின் நான்கு தட்டுகளை முதலில் எடுத்தவர் வெல்வார். ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

பெரிய விதிகளில் கணக்கு வேறு. ஒவ்வொரு வகைப் படைக்கும் விலை உண்டு. டி.பி.எம். போட்டியில் வழக்கமாக 400 புள்ளிக்குள் படையைக் கட்ட வேண்டும். யானைக்கு விலை அதிகம், வெறும் கூட்டமாக வரும் ஆட்களுக்கு மலிவு. முதல் இவ்வளவுதான், இதற்குள் கடையை நிரப்பு என்பது போலத்தான். நினைத்ததையெல்லாம் வாங்கவும் முடியாது. எந்தப் படைக்கு எது உண்டு, எத்தனை வரை வைக்கலாம் என்று அச்சிட்ட பட்டியல் இருக்கிறது. சோழன் படைக்குப் பீரங்கி வாங்க முடியாது.

போட்டிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில் நடக்கும். செஸ் போட்டியைப் போல, வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் சந்திக்கும் சுவிஸ் முறைதான் பழக்கம். நடுவர் இருப்பார். ஆனாலும் பெரும்பாலான சிக்கல்களை ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். வென்றவருக்கு ஒரு கோப்பை கிடைக்கலாம், பந்தயப் பணம் என்பது வழக்கம் இல்லை. காலத்தாலும் இடத்தாலும் ஒருவரையொருவர் கண்டிராத படைகள் அங்கே மோதும். சோழனும் வைக்கிங் கடற்கொள்ளையரும் எதிரெதிரே நிற்பதும் நடக்கும். வரலாறு தெரிந்தவர்களுக்கு இது சற்று உறுத்தும். அதனால் ஒரே காலத்துப் படைகளை மட்டும் அனுமதிக்கும் போட்டிகளும் உண்டு.

தமிழ்ப் படை

டி.பி.ஏ. பட்டியலில் தமிழருக்கும் சிங்களருக்கும் சேர்த்து ஒரே படைப் பட்டியல்தான் இருக்கிறது. பட்டியல் போட்டவர்கள் மொழியையும் கொடியையும் பார்க்கவில்லை. ஆயுதம், அணிவகுப்பு, யானை, குதிரை எவ்வளவு என்று மட்டுமே பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது இரண்டும் ஒரே மாதிரிப் படையாகத் தெரிந்தது. 2009 வரை அந்தத் தீவில் நடந்ததை நினைக்கும்போது, இந்த ஒரு வரித் தலைப்பு என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

இந்தப் படையின் பலமும் பலவீனமும் யானைதான். சின்னக்கானல், ஆனையிறங்கல், பூப்பாறைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு யானையைப் பற்றிப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 29-ல் அரிக்கொம்பன் என்ற ஒற்றை யானையைச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்க நான்கு கும்கி யானைகள் வேண்டியிருந்தன. பெரியாறு காட்டில் விட்டும் அது நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கம்பம் ஊருக்குள் இறங்கியது. ஜூனில் தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டு போய் விட்டது. ஒரு யானைக்கே இந்தப் பாடு. நூற்றுக்கணக்கான யானைகளைப் போர்முனையில் நிறுத்தியவர்கள் எதை நம்பி நிறுத்தினார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

விதிப்புத்தகம் இந்த இரண்டு முகத்தையும் காட்டுகிறது. யானைத் தட்டு நேருக்கு நேர் மோதினால் பெரும்பாலான படைகள் தாங்குவதில்லை. குதிரைகள் அதன் எதிரே திணறும். ஆனால் ஓடி ஓடி ஈட்டி எறியும் இலேசான காலாட்கள் அதற்கு ஆபத்து. யானை பின்வாங்கினால் பின்னால் நிற்கும் தன் படையையே மிதிக்கும். இது கற்பனை இல்லை. கி.மு. 326-ல் அலெக்சாந்தரோடு நடந்த போரில் புருவின் யானைகள் காயம்பட்டு, சொந்த வீரர்களையும் மிதித்தன. கி.மு. 202-ல் சாமா என்ற இடத்தில் ரோமத் தளபதி சிப்பியோ தன் வரிசைகளுக்கு நடுவே பாதை விட்டு, கார்த்தேஜ் யானைகளை அதன் வழியே போகவிட்டார். மதம் கொண்ட யானையை அடித்துக் கொல்ல, அந்நாட்டுப் பாகர்கள் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வாயில்லா ஜீவனைப் போருக்கு இழுத்து வந்து, பயந்து ஓடினால் மண்டையில் உளி அடிப்பது. இதையும் சேர்த்துத்தான் யானைப்படையின் பெருமையைப் பேச வேண்டும்.

குதிரையில் தமிழர் படை ஏழை. நம் நிலம் நல்ல குதிரை வளரும் நிலமல்ல. பாண்டிய நாட்டு மன்னர்கள் கடல் கடந்து ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துக் குதிரை வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை இறந்துபோனதையும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். தேரோ, சங்கப் பாடல்களில் ஓடியதோடு சரி. சோழர் காலத்தில் அது கோயில் வீதிக்குப் போய்விட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் படைப்பிரிவுகளைப் பார்த்தால் யானை வீரர், குதிரைச் சேவகர், வில்லிகள், வேளைக்காரர், கைக்கோளர் என்று பெயர்கள் வருகின்றன. பெரும்பகுதி காலாட்படைதான்.

தளபதி விழுந்தால் என்ன ஆகும் என்பது எல்லா விதிகளிலும் உள்ள பெரிய கேள்வி. இதற்கு நம் வரலாற்றிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. 949-ல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் இராஷ்டிரகூடரோடு நடந்த போரில், சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. சோழர் படை உடைந்தது, தொண்டை நாடு கைவிட்டுப் போனது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1054-ல் கொப்பத்தில் மறுபடியும் ஒரு சோழன், முதலாம் இராஜாதிராஜன், யானைமேல் மாண்டான். ஆனால் இந்த முறை தம்பி இரண்டாம் இராஜேந்திரன் களத்திலேயே இருந்தான். ஓடத் தொடங்கிய படையை நிறுத்தி, போரை வென்று, போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டான். இரண்டாவது தளபதிக்குப் புள்ளி செலவழித்தவன் பிழைத்தான் என்பார்கள் போட்டிக்காரர்கள்.

புறத்திணையும் விதிப்புத்தகமும்

தமிழில் போருக்கு விதிப்புத்தகம் இல்லையா என்று கேட்டால், புறத்திணை இலக்கணமே ஒரு விதத்தில் அதுதான். பகைவர் ஆநிரையைக் கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மண்ணுக்காகப் படையெடுக்க வஞ்சி, எதிர்த்துக் காக்கக் காஞ்சி, கோட்டையை முற்றுகையிட உழிஞை, கோட்டையைக் காக்க நொச்சி, களத்தில் கைகலக்கத் தும்பை, வென்றபின் வாகை. சேர மரபினரான ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை இதை இந்த முறையில் வகுத்துச் சொல்கிறது. எந்தப் பூ சூடியிருக்கிறான் என்று பார்த்தால், அவன் என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறான் என்று எதிரிக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு வேறுபாடு. மேசை விதி எப்படி வெல்வது என்பதைச் சொல்கிறது. புறத்திணை வென்றவனையும் தோற்றவனையும் இறந்தவனையும் அழுதவளையும் சேர்த்துச் சொல்கிறது. காஞ்சித்திணை என்றாலே நிலையாமை நினைவுக்கு வரும்படி தொல்காப்பியம் அமைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பின்னால் மறுபடி எடுத்துக்கொள்வோம்.

மாக்கோழி எழுப்பும் கேள்வி

இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன். விதிகளையெல்லாம் விளக்கிவிட்டு அவன் கேட்டான்: "பெரியப்பா, நாம சமணம். பொம்மைதான்னாலும் வெட்டி வெட்டித்தானே ஆடுறோம்? யசோதரன் கதை படிச்சதிலிருந்து மனசுக்குள்ள இது ஓடிக்கிட்டே இருக்கு. இதை ஆடலாமா?"

கேள்வி சிறியதல்ல. யசோதர காவியம் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று, சமண நூல். அரசன் யசோதரன் கெட்ட கனவு கண்டதாகச் சொல்ல, அவன் தாய் தேவிக்கு உயிர்ப்பலி இடச் சொல்கிறாள். அவன் உயிர்க்கொலைக்கு இசையவில்லை. அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து அதையாவது பலியிடு என்கிறாள் தாய். அவனும் மாக்கோழியை வெட்டிப் பலியிடுகிறான். பிறகு தாயும் மகனும் நஞ்சூட்டப்பட்டு இறந்து, பிறவி பிறவியாக விலங்கும் பறவையுமாகப் பிறந்து வதைபடுகிறார்கள்.

மாவுக்கு உயிர் இல்லையே, ஏன் இவ்வளவு தண்டனை? இங்கேதான் சமணத்தின் நுட்பம் இருக்கிறது. ஹிம்சை இரண்டு வகை. உயிரின் உடலுக்குச் செய்யும் தீங்கு திரவிய ஹிம்சை. உள்ளத்தில் எழும் கொலைக்கருத்து பாவ ஹிம்சை. இங்கே பாவம் என்றால் உள்ள நிலை என்று பொருள். இரண்டாவதே வேர். யசோதரன் மாவைப் பிசைந்தபோது அதைக் கோழி என்று எண்ணிப் பிசைந்தான். வெட்டியபோது இது ஓர் உயிராகத் தேவிக்குப் போய்ச்சேர வேண்டும் என்று எண்ணி வெட்டினான். கை மாவை வெட்டியது, உள்ளம் கோழியை வெட்டியது.

நம் பேச்சு வழக்கையும் பாருங்கள். செஸ்ஸாகட்டும் தாயமாகட்டும், எதிரி காயை எடுப்பதைக் 'காயை வெட்டுறது' என்றுதான் சொல்கிறோம். மாக்கோழிக்கும் அதே வினைச்சொல்தான்.

இன்னொரு தடையும் உண்டு. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார் விரதங்களைச் சொல்கின்றன. அவற்றுள் அனர்த்ததண்ட விரதம் என்பது பயனின்றிச் செய்யும் தீங்கை விடுவது. அதன் ஐந்து வகைகளில் ஒன்று அபத்தியானம்: பிறருக்குத் தோல்வியும் அழிவும் வர வேண்டும் என்று உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பது. மூன்று மணி நேரம் மேசை முன்னால் நின்று, எதிரியின் யானை எப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டிருப்பது இதில் சேருமா சேராதா? சூதோ ஏழு வியசனங்களில் ஒன்று. இங்கே பகடையும் இருக்கிறது. ஆகவே பையன் கேட்டதைச் சும்மா சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

பரதனும் பாகுபலியும்

மறுபக்கத்தையும் சமண நூல்களே தருகின்றன. ஆதிநாதரின் மக்கள் பரதனும் பாகுபலியும் நாட்டுக்காக எதிர் நின்றபோது, இரு பக்கமும் நாற்படையும் அணிவகுத்து நின்றன. அப்போது அமைச்சர்கள் குறுக்கிட்டார்கள். உங்கள் இருவர் பிணக்குக்காக இத்தனை உயிர் ஏன் மடிய வேண்டும்? நீங்கள் இருவரே மூன்று போட்டி ஆடி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கண் இமைக்காமல் பார்க்கும் போட்டி, நீரில் போட்டி, மற்போர் என மூன்று. 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணத்திலும், நம் தமிழ்ச் சமணர் வீடுகளில் படிக்கும் ஸ்ரீபுராணத்திலும் இந்தக் கதை உண்டு.

மூன்றிலும் பாகுபலி வென்றான். தோல்வி தாங்காத பரதன், பேசிய விதியை மீறிச் சக்கரத்தை ஏவினான். அது பாகுபலியைத் தொடவில்லை. வென்ற பாகுபலி, இந்த மண்ணுக்காகவா என்று வெறுத்துத் துறவு பூண்டு, கொடி படர நின்றான். அந்தக் கோலத்தைச் சிரவணபெளகுளாவில் சுமார் 57 அடி உயரத்தில் 981 அளவில் நிறுவியவர் சாவுண்டராயர். அவர் கங்க மன்னரின் அமைச்சர், போர் பல கண்ட தளபதி. போரை அறிந்தவரே போரை விட்டவனுக்குச் சிலை வைத்தார்.

மகாவம்சத்திலும் இதன் சாயல் உண்டு. எல்லாளனைத் தானே எதிர்ப்பேன், வேறு யாரும் கூடாது என்று துட்டகைமுனு அறிவித்து, யானைமேல் யானை மோத எதிர்த்துக் கொன்றான். வென்றபின் எல்லாளனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே போகிறவர்கள் வாத்தியத்தை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டான். எதிரியைக் கொன்றவன்கூட அவனை இழிவு செய்யவில்லை.

ஆகவே போரைப் போட்டியாகச் சுருக்குவது நம் மரபில் இரண்டு விதமாகவும் வருகிறது. யசோதரன் உயிர்க்கொலையின் இடத்தில் மாவை வைத்தான், கொலைக்கருத்தை விடவில்லை. பரதனின் அமைச்சர்கள் போரின் இடத்தில் போட்டியை வைத்தார்கள், கொலையை நிறுத்துவதற்காக. வெளியே பார்த்தால் இரண்டும் பதிலி வைப்பதுதான். உள்ளே பார்த்தால் ஒன்று கொலையை நோக்கிப் போகிறது, மற்றது கொலையை விட்டு விலகுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் போர் விளையாட்டின் வரலாற்றையும் அளக்கலாம். பிரஷ்யப் படை முகாமில் ஆடியது மாக்கோழி வகை. அங்கே மேசையில் எடுத்த காய், நாளை களத்தில் விழப்போகும் ஆளுக்கு ஒத்திகை. வெல்ஸ் சொன்னது பரதன் அமைச்சர் வகை, ஆசை அளவிலாவது. பொம்மை ஒன்றே, அளவுகோல் ஒன்றே, பகடை ஒன்றே. உள்ளக்கருத்து மட்டும் வேறு.

ஆடலாம், ஆனால்

தம்பி மகனுக்கு நான் எழுதிய பதிலையே இங்கும் தருகிறேன். ஆடலாம், நான்கு நிபந்தனையோடு.

ஒன்று, பந்தயம் கூடாது. பகடை இருப்பதால் மட்டும் சூதாகிவிடாது. பொருள் ஆசை சேர்ந்தால்தான் சூது. ஒரு ரூபாய் வைத்தாலும் அது வேறு ஆட்டம்.

இரண்டு, எதிரே நிற்பவர்மேல் குரோதம் வரக்கூடாது. ஆட்டம் முடிந்து கைகொடுக்க மனம் வரவில்லை என்றால், அன்றைக்கு அபத்தியானம் நடந்துவிட்டது என்று அறிந்து, கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும்.

மூன்று, பழைய போரை வைத்து இன்றைய அயலாரைப் பழிக்கக் கூடாது. சோழன் படையை ஆடுகிற பிள்ளைக்குக் கடாரம் வென்ற பெருமையோடு தக்கோலத்தையும் சொல்லித்தர வேண்டும். சேர நாட்டு மலையில் மலையாளிகளோடு பக்கத்து வீட்டுக்காரராக வாழும் நமக்கு, சேர சோழப் போரை ஆடும்போது இது கூடுதலாகப் பொருந்தும்.

நான்கு, கணக்குச் சொல்ல வேண்டும். வியாபாரிக்குக் கணக்கு முடிக்காமல் கடை சாத்தக் கூடாது. ஒரு தட்டு என்பது சில நூறு பேருக்குப் பதில் நிற்பது. நான்கு தட்டு எடுத்து வென்றேன் என்று சொல்லும்போது, எத்தனை குடும்பம் என்று ஒரு நிமிடம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த நான்காவது நிபந்தனைதான் முக்கியம். ஏனென்றால் மேசை காட்டாத ஒன்று உண்டு. எடுக்கப்பட்ட தட்டு சத்தமில்லாமல் பெட்டிக்குள் போய்விடுகிறது. மைதானம் சுத்தமாக இருக்கிறது. காயம்பட்டவன் முனகுவதில்லை, யானை பிளிறுவதில்லை. கைப்பேசியில் சுட்டு விளையாடும் நம் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்துதான். ஆனால் மேசை ஆட்டத்தில் எதிரி கண்ணெதிரே நிற்கும் மனிதர், விதியை இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், யோசிக்க நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மேசை விட்டுவிட்டதை நம் புலவர்கள் விடவில்லை. போரில் ஆயிரம் யானை கொன்றவனுக்குப் பாடுவது பரணி. வெற்றியைப் பாடத்தான் ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியைப் பாடினார், முதலாம் குலோத்துங்கனைப் புகழத்தான் பாடினார். ஆனாலும் களத்தில் பேய்கள் கூடிக் கூழ் சமைக்கும் பகுதியை அவர் விலக்கவில்லை. வெற்றிக்கு என்ன விலை என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களிலும் பார்க்கலாம்.

ஆகையால் நம் சங்கத்துப் பெற்றோருக்கு ஒரு யோசனை. விலை கொடுத்து வெளிநாட்டுப் பொம்மை வாங்க வேண்டும் என்பதில்லை. அட்டைத்துண்டில் யானை, குதிரை, ஆள் என்று எழுதி ஒட்டினாலே பிள்ளைகள் தக்கோலத்தையும் கொப்பத்தையும் ஆடிவிடுவார்கள். வரலாறு மனதில் பதியும், கணக்கும் வரும். ஆட்டம் முடிந்த அன்று மாலை, தட்டுகளைப் பெட்டியில் போட்டபிறகு, பரணியின் அந்தக் களப்பகுதியைப் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அடுத்த வாரமும் ஆட வருகிறானா, வந்தால் எப்படி ஆடுகிறான் என்று பாருங்கள்.